அந்தக் கடிதத்தை நான் ஏன் படிக்கவில்லை

மூன்று வாரமாக என் நண்பர் ஒருவர் காலையில் என்னோடு நடக்க வருவதில்லை. காந்தி சிலையில் தொடங்கி பழைய சுங்கச்சாவடிப் பக்கம் வரை போய்த் திரும்பி, திண்ணையில் உட்கார்ந்து பென்ஷன், பேரன், இரத்த அழுத்தம் என்று பேசி எழுந்து போவது எங்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம். அது நின்று போனதற்குக் காரணம் ஒரு கடிதம். நான் அந்தக் கடிதத்தைப் படித்ததால் வந்த சண்டை இல்லை. படிக்க மறுத்ததால் வந்தது.

அவருடைய பேரன் கையால் செய்த காகிதத்தில் நோட்டுப் புத்தகம், பை, வாழ்த்து அட்டை செய்கிறான். நல்ல பையன், கை சுத்தமான வேலை. லியோன் நகரத்தில் ஒருவர் ஒன்பது லட்ச ரூபாய்க்குச் சரக்கு கேட்டு எழுதியிருக்கிறார். சரக்கு போய்ச் சேர்ந்த அறுபது நாளில் பணம். நண்பர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"நீ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். இதைப் படிச்சுப் பார்த்து ஆள் எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

நான் தாளைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். "லெட்டர் வேணாம்ப்பா. கீழே பொடி எழுத்துல ஒன்பது இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கான்னு பாரு. இருந்தா அதை மட்டும் எழுதிக் கொடு."

"கடுதாசியைப் படிக்கச் சொன்னா நம்பர் கேக்கறியே! உனக்குப் பிரெஞ்சு மறந்து போச்சா, இல்ல எம் பேரன் நல்லா வர்றது பிடிக்கலையா?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்ட பிறகு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டார். அவருக்கு நேரில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களும் படிக்கட்டும். ஏனென்றால் இந்த வியாதி அவருக்கு மட்டும் இல்லை, நம் ஊருக்கே உண்டு.

வியாதி என்றுதான் சொல்வேன். வில்லியனூரில் ஒரு வீட்டை வாடகைக்கு விட வேண்டுமென்றால் வருகிறவனின் சொந்த ஊர், வேலை, முன்னே குடியிருந்த தெரு, ஏன் அங்கிருந்து காலி செய்தான் என்பது வரை விசாரிக்கிறோம். சீட்டு எடுத்தவனிடம் இரண்டு அரசாங்க உத்தியோகஸ்தர் ஜாமீன் கேட்கிறோம். (நானே எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டேன் என்பது தனிக் கட்டுரை.) ஆனால் பிரான்சிலிருந்து ஒருவர் நாலு வரி எழுதிவிட்டால், ஒரு கன்டெய்னர் சரக்கைக் கப்பலேற்றி விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். ஏன் என்று கேட்டால், "வெள்ளைக்காரன் சார், வாக்கு தவற மாட்டான்" என்கிறார்கள். கொடி இறங்கி எத்தனை வருஷமாயிற்று! 1954 நவம்பர் 1 அன்று நான் ஐந்து வயதுப் பையன். அந்தக் கொடியோடு சேர்த்து இந்த எண்ணத்தையும் இறக்கியிருக்க வேண்டும். யாரும் இறக்கவில்லை.

இதை நான் உயரத்தில் நின்று சொல்லவில்லை. இந்த வியாதியில் நான் படுத்துக் கிடந்தவன். என் தங்கை குடும்பம் அதற்கு விலை கொடுத்தது.

என் தங்கை புருஷன் தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். தோல் கைப்பை, பெல்ட், பர்ஸ். பதினோரு பேர் வேலை செய்தார்கள். 2011-இல் மார்சேயிலிருந்து ஒருவர் எழுதினார். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்கு ஓய்வு கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பொழுது போகாமல், பிரெஞ்சைப் பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். ஆக, கடிதங்கள் என்னிடம் வந்தன.

எப்படிப்பட்ட கடிதங்கள்! இப்போதைய பிள்ளைகள் எழுதுவதைப் போல அரைகுறை இல்லை. எழுத்துகளின் மேல் போட வேண்டிய குறிகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். எங்கள் வாத்தியார் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்த வினைவடிவங்கள், நானே மறந்திருந்தவை, அந்தக் கடிதத்தில் சரளமாக வந்தன. முடிவில் அந்த மரபு வாக்கியம்: தங்கள் மேல் நான் கொண்டுள்ள சிறப்பான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றருள வேண்டும் என்று. படித்ததும் எனக்குப் பள்ளிக்கூட மணி கேட்டது. மாப்பிள்ளையிடம் சொன்னேன்: "இவர் படிச்ச மனுஷர், மாப்பிள்ளை. தைரியமா பண்ணுங்க."

அந்த ஒரு வார்த்தைதான்.

பிரான்சில் அந்த மரபு வாக்கியத்தை எல்லோரும் எழுதுவார்கள். வரி பாக்கிக்கு நோட்டீஸ் விடுகிற அதிகாரியும் அப்படித்தான் முடிப்பார், வீட்டைக் காலி செய்யச் சொல்லி எழுதுகிற வக்கீலும் அப்படித்தான் முடிப்பார். நம் ஊரில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று எழுதுகிறவன் எல்லாம் உண்மையுள்ளவனா? இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த வாக்கியம் என்னை மயக்கியது. என் வயதில் என் பிரெஞ்சுக்கு ஒரு உபயோகம் வந்துவிட்டதே என்கிற சந்தோஷம்.

முதல் ஆர்டர் அறுபதாயிரம் ரூபாய்க்கு. முன்பணமாகவே அனுப்பினார். இரண்டாவது ஒன்றே முக்கால் லட்சம். சரக்கு கிடைத்த வாரத்திலேயே பணம் வந்தது. என் மதிப்பு குடும்பத்தில் எங்கோ போய்விட்டது. தங்கை வீட்டுக்குப் போனால் மீன் குழம்பில் தலை எனக்குத்தான். ஐந்து மாதம் கழித்து மூன்றாவது ஆர்டர் வந்தது, பதினைந்து லட்சம். இந்தத் தடவை தொண்ணூறு நாள் தவணை. உண்டியலில் அவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால், அங்கிருக்கும் வங்கி கப்பல் ரசீதை அவரிடம் கொடுத்துவிடும். அதைக் காட்டிச் சரக்கை எடுத்துக்கொள்வார். தொண்ணூறாம் நாள் பணம் தர வேண்டும். தராவிட்டால் வங்கிக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. அது வெறும் தபால்காரர் வேலை செய்கிறது. இதை மாப்பிள்ளையின் வங்கி மேலாளர் சொன்னார். நான்தான், "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்றேன்.

இன்னொரு விஷயத்தை இதுவரை குடும்பத்துக்கு வெளியே சொன்னதில்லை. சரக்கை யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் கொடுத்த பெயரும் கடிதத் தலைப்பில் இருந்த பெயரும் ஒரு சொல் வேறுபட்டன. நான் கவனித்தேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படித்துச் சொன்ன குமாஸ்தா நான். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் மனுவைத் திருப்பி அனுப்பியவன். என் மேஜைக்கு வந்து திட்டாமல் போனவர்கள் குறைவு. எழுதிக் கேட்டேன். அது எங்கள் சகோதர நிறுவனம் என்று பதில் வந்தது. பிரெஞ்சில் 'சொசியெத்தே சேர்', அதாவது சகோதரிக் கம்பெனி என்பார்கள். எவ்வளவு அழகான சொல் என்று ரசித்துவிட்டுக் கோப்பில் போட்டேன்.

தொண்ணூறு நாள் ஆயிற்று. நூறு ஆயிற்று. கடிதங்கள் இன்னும் நேர்த்தியாக வந்தன. பிறகு வரவில்லை. நூற்று முப்பதாம் நாளோ என்னவோ, நான் ஒரு பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, கடிதத் தலைப்பின் அடியில் இருந்த ஒன்பது இலக்க எண்ணை பிரெஞ்சு வணிகப் பதிவேட்டின் தளத்தில் தட்டினேன். அதை 'இன்ஃபோகிரெஃப்' என்பார்கள். வணிக நீதிமன்றங்களின் பதிவகங்கள் சேர்ந்து நடத்துவது. இருபது நிமிஷம், பதினைந்து ரூபாய். திரையில் வந்த சொற்கள்: 'லிகிதசியோன் ஜூதிசியேர்'. நீதிமன்றமே கம்பெனியை இழுத்து மூடி, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போடும் நடவடிக்கை. தீர்ப்புத் தேதியைப் பார்த்தேன். எங்கள் இரண்டாவது ஆர்டருக்கும் மூன்றாவது ஆர்டருக்கும் நடுவில்.

பாரிஸில் இருக்கும் என் அக்கா மகனிடம் சொல்லி, அந்தச் சகோதரிக் கம்பெனியின் பதிவுச் சான்றை வாங்கச் சொன்னேன். சில யூரோ செலவில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மறுநாளே அனுப்பினான். மூலதனம் நூறு யூரோ. அன்றைய விலையில் ஒரு நல்ல சைக்கிள் கூட வராது. கம்பெனி தொடங்கிய நாள், எங்கள் சரக்கு சென்னையில் கப்பலேறுவதற்கு ஆறு வாரம் முன்பு. நிர்வாகியின் குடும்பப் பெயர், கடிதம் எழுதியவருடைய அதே குடும்பப் பெயர். மனைவியோ தங்கையோ, நிஜமாகவே சகோதரிக் கம்பெனிதான்!

அக்கா மகன் தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டான். "மாமா, இதை அனுப்பறதுக்கு முன்னாடி ஏன் எங்கிட்ட கேக்கலை?"

அந்த இரண்டாவது கம்பெனியும் பிறகு மூடப்பட்டது. கடன்காரர்கள் தங்கள் பாக்கியை எழுதிக் கொடுக்க பிரெஞ்சுச் சட்டம் அரசிதழ் அறிவிப்பிலிருந்து இரண்டு மாதம் தருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மேலும் இரண்டு. பிரெஞ்சு படித்த எனக்கு இது தெரிந்தபோது அந்த நாலு மாதமும் போயிருந்தது. எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் நூறு யூரோ மூலதனத்தில் என்ன கிடைத்திருக்கும் என்பது வேறு. மாப்பிள்ளை பட்டறையை விற்றார். தங்கையின் நகை வங்கியிலேயே முழுகிப் போயிற்று. பதினோரு பேரில் நாலு பேருக்கு அவரே அலைந்து வேறிடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். பிறகு வேறொருவர் பட்டறையில் மேஸ்திரியாகப் போனார். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தீபாவளிக்கு இப்போதும் முதல் ஆளாக வந்து, "மச்சான், நல்லாயிருக்கீங்களா?" என்பார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நண்பரே, இதனால்தான் உம் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. பிரித்தால் படிப்பேன். படித்தால் ரசிப்பேன். எழுபத்தாறு வயதில் இந்தப் புத்தி மாறும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

'எங்கே அந்த நம்பர்?' என்று கேட்டதற்கு என்ன அர்த்தம் என்றும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அவர்களுடைய புள்ளிவிவர நிறுவனம் ஒன்பது இலக்க எண் ஒன்று தருகிறது. 'சிரேன்' என்று பெயர். கம்பெனி மூடுகிறவரை அது மாறாது. அதனோடு ஐந்து இலக்கம் சேர்ந்தால் 'சிரே', பதினாலு இலக்கம். கிளைக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று என்று இடத்துக்கு இடம் மாறும். வணிகக் கடிதம், பில், ஆர்டர் எதுவானாலும் அந்த ஒன்பது இலக்கத்தையும் எந்த ஊர்ப் பதிவகம் என்பதையும் போட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மூடும் நடவடிக்கையில் இருந்தால் அதையும் போட வேண்டும். மார்சேய்க்காரர் அதைப் போடவில்லை. பழைய தாளிலேயே எழுதினார்.

அந்த ஒன்பது இலக்கத்தை வீட்டிலேயே பென்சிலால் சோதிக்கலாம். என்னைப் போன்ற பழைய குமாஸ்தாக்களுக்கு இது பிடிக்கும். இடமிருந்து இரண்டு, நாலு, ஆறு, எட்டாம் இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். இரட்டித்து வந்தது இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்குங்கள். மற்ற ஐந்தையும் அப்படியே சேர்த்து மொத்தம் கூட்டுங்கள். பூஜ்யத்தில் முடிந்தால் எண் ஒழுங்கானது. முடியாவிட்டால் தப்பாக எழுதியிருக்கிறார்கள், அல்லது கற்பனையாக எழுதியிருக்கிறார்கள். ஒழுங்கான எண் என்றால் ஆள் ஒழுங்கு என்று அர்த்தமில்லை. மார்சேய்க்காரர் எண் பூஜ்யத்தில்தான் முடிந்தது.

பிறகு அந்த எண்ணைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். இப்போது பிரெஞ்சு அரசாங்கமே நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. கம்பெனி நடக்கிறதா மூடியதா, எந்த வருஷம் தொடங்கியது, என்ன தொழில், யார் நிர்வாகி என்பதெல்லாம் வரும். பைகளும் நோட்டும் வாங்குகிறவர் பதிவில் கட்டட பெயின்டர் என்று இருந்தால் யோசிக்க வேண்டாமா? 'போதாக்' என்று ஓர் அரசிதழ் இருக்கிறது. கம்பெனி தொடங்கியது, விற்றது, திவாலானது எல்லாம் அதில் வெளியாகும். அதையும் காசில்லாமல் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தளத்தில் அவர்களுடைய மதிப்புக்கூட்டு வரி எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். பிரெஞ்சு எண்ணானால் எஃப், ஆர் என்ற எழுத்துகள், இரண்டு சோதனை இலக்கம், பிறகு அதே ஒன்பது இலக்கம். ஒன்று இன்னொன்றோடு பொருந்த வேண்டும்.

மூலதனம் என்று ஒரு வரி வரும். நம் ஆட்கள் அதைப் பார்ப்பதே இல்லை. முன்பு அங்கே சின்ன லிமிடெட் கம்பெனி தொடங்க ஐம்பதாயிரம் பிராங்க் கட்ட வேண்டும். 2003-இல் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது ஒரு யூரோ போதும். அதற்காகக் குறைந்த மூலதனம் உள்ளவரெல்லாம் திருடர் என்று நான் சொல்லவில்லை, புதிதாகத் தொழில் தொடங்கும் நல்ல பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் லிமிடெட் கம்பெனி என்றால் பொறுப்பு அந்த மூலதனத்தோடு நின்றுவிடும். நூறு யூரோ போட்டவரிடம் பதினைந்து லட்சத்தைக் கடனாக விட்டால் யாருடைய மூலதனத்தில் அவர் வியாபாரம் செய்கிறார்? என் தங்கையின் நகையில்.

இதெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். சில வருஷங்களுக்கு முன் நம் ஊரில் ஏற்றுமதி பற்றி ஒரு கூட்டம். பேச வந்த ஆலோசகர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு சொன்னார், வாங்குகிறவர் மனம் கோணும்படி எதுவும் கேட்காதீர்கள், முதல் கடிதத்திலேயே காகிதம் கேட்டால் ஓடிவிடுவார், நம்பிக்கைதான் வியாபாரம் என்று. கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பிரெஞ்சுக்காரர் காகிதம் கேட்டால் மனம் கோணுவாராம்! இதைக் காஞ்சிபுரத்தில் சொன்னால் நம்புவார்கள். புதுச்சேரியில் சொல்லலாமா? பிரெஞ்சுத் தூதரக வாசலில் நம் வீட்டுப் பிள்ளைகள் நின்ற வரிசை மறந்து போயிற்றா? ஒருவன் உயிரோடு எதிரே நிற்கிறான். அவன் பிறந்ததற்குச் சான்று கேட்பார்கள். சான்று கொடுத்தால், இது பழையது, மூன்று மாதத்துக்குள் எடுத்த புதிய நகல் கொண்டு வா என்பார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பிறந்தவன் மூன்று மாதத்தில் பிறக்காமல் போய்விடுவானா என்று என் சித்தப்பா, பழைய சொல்தா, அங்கேயே நின்று சத்தம் போட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. நகலின் ஓரத்தில் திருமணம், மணமுறிவு, இறப்பு எல்லாம் பிறகு சேர்த்து எழுதுவார்கள், அதனால் புதிய நகல் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நொத்தேரிடம் வீடு வாங்கியவர்களுக்கும் இது தெரியும்.

கம்பெனிக்கும் அவர்கள் அதையே செய்கிறார்கள். பதிவகம் தரும் சான்றுக்கு 'கா-பிஸ்' என்று பெயர். பாரிஸில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கவும், வங்கியில் கணக்குத் திறக்கவும், டெண்டர் போடவும் கேட்பார்கள். அதுவும் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக. ஒரு பிரெஞ்சு வியாபாரியிடம் கா-பிஸ் கேட்பது, இங்கே ஒருவரிடம் குடும்ப அட்டை நகல் கேட்பதுபோல. நல்லவர் அன்றைக்கே அனுப்புவார். எதிரில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று மரியாதை கூடும். அனுப்பத் தயங்குகிறவர், கோபப்படுகிறவர், நாளைக்கு நாளைக்கு என்கிறவர், அவரை ஓட விடுங்கள். அவர் ஓடுவதற்காகத்தானே கேட்கிறோம்?

அவர் அனுப்பியதையும் அப்படியே நம்பக் கூடாது. நாமே ஒரு நகல் எடுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இப்போது வேறொரு வித்தை நடக்கிறது. பெயரெடுத்த பெரிய கம்பெனியின் எண், முகவரி, மேலாளர் பெயர் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் போட்டு, மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றி ஆர்டர் அனுப்புகிறார்கள். பதிவேட்டில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் எழுதியவர் வேறு. சரக்கை மட்டும் இன்னொரு ஊரில், சில சமயம் இன்னொரு நாட்டில், ஏதோ ஒரு கிடங்கில் இறக்கச் சொல்வார். இதற்கு ஒரே வழி, கடிதத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் எண்ணை நாமாக வேறிடத்தில் தேடி எடுத்துக் கூப்பிட்டுக் கேட்பது. இறக்கச் சொல்லும் இடத்துக்குச் 'சிரே' எண் உண்டா என்றும் கேட்கலாம். கூப்பிட்டுப் பேசத்தான் நம் ஊரில் பிரெஞ்சு தெரிந்த கிழவர்கள் இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே!

ஆலோசகர் சொன்னதில் ஒரு பாதி நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். சின்ன வியாபாரி ஒவ்வொரு ஆர்டருக்கும் வங்கி உறுதிக் கடிதம் கேட்க முடியாது. எல்.சி. என்றால் இரண்டு பக்கமும் கட்டணம், ஒரு காற்புள்ளி தவறினாலும் தகராறு. அறுபதாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு அது கட்டுப்படியாகாது. சரி. ஆனால் பதிவேட்டைப் பார்க்கக் கட்டணமே இல்லையே! தவணையில் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் நம் அரசாங்கத்தின் இ.சி.ஜி.சி. இருக்கிறது. 1957-இலிருந்து ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தருகிறார்கள். வாங்குகிறவர் பெயரைக் கொடுத்தால் அவரை விசாரித்து, இவருக்கு இவ்வளவு வரை என்று வரம்பு சொல்வார்கள். பிரீமியம் கட்ட வேண்டும். மாப்பிள்ளையிடம் இதை வங்கி மேலாளர் சொன்னபோது, பிரீமியம் வீண் செலவு என்று சொன்னது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

பதிவேடு எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதும் உண்மை. சின்ன நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கணக்கை வெளியே காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது. நேற்றுவரை ஒழுங்காக இருந்தவர் நாளைக்கு விழலாம். அதனால்தான் ஒவ்வொரு பெரிய ஆர்டருக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். நாங்கள் முதல் ஆர்டருக்குப் பார்த்திருந்தால் கூட எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் பணம் வந்ததே நாங்கள் கண்ணை மூடக் காரணமாயிற்று. தூண்டிலில் இரை வைக்கிறவன் அதைக் கணக்கில் எழுதித்தான் வைக்கிறான்.

நம்மை அவர்கள் நம்பினார்களா என்றும் யோசித்துப் பாருங்கள். ரங்கப்பிள்ளை வீதியில் நடக்கிறோமே, அந்த ஆனந்தரங்கப் பிள்ளை என்ன வேலை பார்த்தார்? துய்ப்ளேக்சின் துபாஷ். மொழிபெயர்ப்பு மட்டும் அவர் வேலை இல்லை. எந்த வியாபாரி யார், யாருக்கு யார் எவ்வளவு பாக்கி, யார் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்பதைத் துரைக்குச் சொல்வதும் அந்த உத்தியோகத்தில் அடக்கம். 1736-இலிருந்து அவர் எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டினால் இந்த விசாரணைகள் பக்கம் பக்கமாக வரும். கும்பினி நம் ஆட்களைப் பார்த்துச் சிரித்ததும் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இன்றைக்கும் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் முன்பணம் அனுப்புவதற்கு முன் நம் பையனுடைய ஏற்றுமதி இறக்குமதி எண்ணைக் கேட்கிறார், வரி எண்ணைக் கேட்கிறார், பட்டறையின் படம் கேட்கிறார். அப்போது நம் பையன் மனம் கோணுகிறானா? ஓடி ஓடி அனுப்புகிறான். அவர் நம்மைச் சோதித்தால் ஒழுங்கு, நாம் அவரைச் சோதித்தால் அவமரியாதை என்று யார் எழுதிவைத்தது? நாம்தான்.

இதை எழுதத் தொடங்கி நாலு நாள் ஆகிறது. நேற்று மாலை நண்பரின் பேரன் தனியாக வந்தான். தாத்தாவுக்குத் தெரியாது என்றான். கையில் கடிதம் இல்லை. ஒரு துண்டுத் தாளில் ஒன்பது இலக்கம் மட்டும்.

பென்சிலை எடுத்துக் கூட்டினோம். நாற்பது வந்தது. அவன் கைப்பேசியிலேயே தேடினான். லியோன் கம்பெனி நடப்பில் இருக்கிறது. ஆறு வருஷமாக. எழுதுபொருள், பரிசுப்பொருள் வியாபாரம் என்றே பதிவாகியிருக்கிறது. அரசிதழில் தேடினோம், பாதகமாக ஒன்றும் அகப்படவில்லை. பையன் முகம் மலர்ந்தது. எனக்கும்தான். ஆனால் பதிவில் நிர்வாகியாக ஒரு பெண்மணியின் பெயர் இருக்கிறது. ஆர்டரில் கையெழுத்துப் போட்டவர் ஓர் ஆண், வேறு குடும்பப் பெயர். அலுவலக ஊழியராக இருக்கலாம், அதில் தவறொன்றும் இல்லை. கா-பிஸ் நகல் ஒன்றும், கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் கொடுத்த கடிதம் ஒன்றும் அனுப்பச் சொல்லி நாலு வரி எழுதினோம். பிரெஞ்சு என்னுடையது. முடிவில் அந்த மரபு வாக்கியத்தையும் போட்டேன், சிறப்பான உணர்வுகளோடு. அப்புறம் பதிவேட்டில் உள்ள முகவரியை வைத்து அந்தக் கடையின் தொலைபேசி எண்ணையும் தேடி எடுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் கடை திறக்கும் நேரம் நமக்குப் பிற்பகல். திங்கட்கிழமை நான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பையன் கிளம்பும்போது, "தாத்தா, நம்பர் சரியா இருந்துச்சுன்னு எங்க தாத்தாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டான். திங்கட்கிழமை வரை பொறு என்றேன். அதுவரை நான் தனியாகத்தான் நடக்க வேண்டும்.